கடன் வாங்கியது அண்ணன்... கட்ட வேண்டியது தம்பியா? ஊதாரி உறவுக்கு உதவுவது எதுவரை?

"ஒரு அஞ்சாயிரம் ஜிபே பண்ணி விடு தம்பி, ஒண்ணாந்தேதி குடுத்துடுறேன்."

ஒண்ணாந்தேதி வரும், போகும். பணம் மட்டும் வராது. அடுத்த மாதம் அதே நம்பரிலிருந்து இன்னொரு அழைப்பு வரும்.

பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வரும் மூலக்கொத்தளத்தில் தொடங்கி ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை, வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கும் தலைமுறை ஒன்று இருக்கிறது. அப்பா துறைமுகத்திலோ, லோடு வேலையிலோ, மீன்பிடியிலோ இருந்திருப்பார். பிள்ளை ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ இருப்பார். சம்பளம் ஏறியதும் உறவுகளின் அழைப்பும் கூடும். 'சரி' என்றால் சேமிப்பு காலி. 'இல்லை' என்றால், "நாலு காசு பாத்ததும் ஆளே மாறிட்டான்" என்ற பேச்சு.

கொடுப்பதா, வேண்டாமா என்று யோசித்தால் இதற்கு விடை கிடைப்பது கஷ்டம். எதற்கு, யார் கையில், எந்த வடிவத்தில் கொடுப்பது என்று பிரித்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு வரும்.

ஊதாரியா, வருமானம் இல்லாதவரா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வடசென்னையில் பல வீடுகளின் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. காசிமேட்டு விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மாதத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8,000. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் மே மாதம் மச்சானிடம் கை நீட்டுவதை ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. சொந்தபந்தத்துக்குள் நடக்கும் கைமாற்றுதான் இங்கே பலருக்கு இன்சூரன்ஸ். இன்று கொடுப்பவர் நாளை வாங்குவார். அதனால், 'யாருக்கும் ஒரு பைசா கிடையாது' என்ற முடிவு உங்கள் பக்கத்துப் பாதுகாப்பையும் சேர்த்தே அறுத்துவிடும்.

சிக்கலான ஆளை அடையாளம் காண மூன்று கேள்விகள் உதவும். வருமானம் வந்த மாதத்திலும் கேட்கிறாரா? கேட்கும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? முந்தைய கடனை அடைக்கவே புதுக்கடன் கேட்கிறாரா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், அது வருமானப் பிரச்சினை மட்டும் அல்ல.

பணம் எங்கே போகிறது?

பெரும்பாலும் தெரிந்த இடங்கள்தான். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.48,000 கோடிக்கும் மேல். இன்னொரு பக்கம், செல்போனுக்குள் ரம்மி. தமிழ்நாட்டில் இதைத் தடுக்க 2020-ல் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் மறுபடியும் ஒரு மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது.

ஆனால், ஆட்டம் நின்றாலும் ஆடுவதற்காக வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. அந்தக் கடன்தான் 'அவசரம்டா' என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது.

கடனை அடைத்தால் பிரச்சினை தீருமா?

தண்டல் கணக்கைப் பாருங்கள். ரூ.10,000 தண்டல் என்றால் பல இடங்களில் கைக்கு வருவது ரூ.8,500. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க '1,500 ரூபாய்தானே' என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். அநியாய வட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது. தண்டலும் இருக்கிறது.

பாக்கி நிற்கும்போது தம்பி வந்து மொத்தமாகக் கட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்காரர் பார்வையில் அண்ணன் இப்போது 'நல்ல பார்ட்டி'. பின்னால் சம்பளக்காரத் தம்பி இருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை ரூ.20,000 தருவதற்கும் அவர் யோசிக்க மாட்டார். அதாவது, தம்பி கடனை அடைக்கவில்லை. அண்ணனின் கடன் வரம்பை உயர்த்திவிட்டார்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு. 'சமாரியனின் இக்கட்டு' என்று 1975-ல் எழுதினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கனன். எப்படியும் உதவி வந்துவிடும் என்று தெரிந்தால், உதவி பெறுபவருக்குத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்காது என்பது அதன் சாரம்.

கொடுப்பவரும் மாறிப்போகிறார். கென்ய கிராமங்களில் பமீலா ஜாக்கிலா, ஓவன் ஓசியர் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. கையில் வரும் பணம் உறவினருக்குத் தெரிந்துவிடும் என்ற நிலையில், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வருமானத்தை மறைக்க முடிகிற வழியைத்தான் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள். இன்க்ரிமென்ட் வந்ததை வீட்டில் சொல்லாமல் இருப்பவர்களுக்கு இது புரியும்.

சட்டப்படி யார் கட்ட வேண்டும்?

'அப்பன் பட்ட கடனை மகன் அடைக்கணும்' என்பது வெறும் ஊர்ப்பேச்சாக மட்டும் இருக்கவில்லை. இந்துச் சட்டத்தில் அது மகனின் தர்மக் கடமையாகவே இருந்தது. ஆனால் அந்தப் பழைய சாஸ்திரங்களே ஒரு விலக்கு வைத்திருந்தன: குடிக்கும் சூதுக்கும் வாங்கிய கடனை மகன் அடைக்க வேண்டியதில்லை. மீதி இருந்த கடமையையும் 2005-ல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, 'மகன் என்பதால் கட்டு' என்று யாரும் நீதிமன்றம் போக முடியாது.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்? அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான் வாரிசுகளுக்குப் பொறுப்பு. அண்ணன், தம்பி, மாமா, சித்தப்பா என்ற உறவு முறையால் மட்டும் ஒருவரின் கடன் இன்னொருவர் தலையில் விழாது.

விழுவது கையெழுத்துப் போட்டால்தான். 'சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான்டா' என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றம் இதை 1968-லேயே சொல்லிவிட்டது. அவர் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். சீட்டு எடுத்தவருக்குப் போடும் ஜாமீனும் இதே மாதிரிதான். உங்கள் பெயரில் பர்சனல் லோன் எடுத்துக் கொடுப்பது இதைவிட மோசம். அங்கே கடன்காரரே நீங்கள்தான்.

லோன் ஆப் ஆட்கள் உங்களுக்கு போன் செய்து மிரட்டினால்? ஜாமீன் போடாதவரை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கடன் செயலிகள் செல்போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தினரையோ மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சைபர் குற்றப் புகாருக்கு 1930.

அப்பா, அம்மா விஷயம் வேறு

தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் சட்டக் கடமை. 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 வரை கொடுக்கச் சொல்லலாம். அப்பா குடிக்கிறார் என்பதற்காக இந்தக் கடமை தானாகப் போய்விடாது. ஆனால் பராமரிப்பு என்பது சாப்பாடு, துணி, தங்குமிடம், வைத்தியம். அவர் வாங்கும் தண்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பல வீடுகளில் இன்னொரு கதை நடக்கும். அம்மாவுக்கு மருந்துக்கு அனுப்பிய பணம் அண்ணன் கைக்குப் போய்விடும். "அவன் கேட்டா நான் எப்படிடா இல்லன்றது?" என்பார் அம்மா. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'இல்லை' என்று சொல்ல வேண்டிய சுமையை அவர் தலையில் வைக்காமல் இருப்பதுதான் வழி. மருந்துக்கடையில் நேராகக் கட்டலாம். வாடகையை வீட்டுக்காரருக்கே அனுப்பலாம்.

நிறுத்தினால் அடி யாருக்கு?

கஷ்டமான கேள்வி இதுதான். அண்ணனுக்குப் பணம் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது அண்ணனாக இருக்காது. அண்ணியும் பிள்ளைகளும்தான். அண்ணியின் தோடு அடகுக்குப் போகும். பள்ளிக்கூட ஃபீஸ் நிற்கும். 'நிறுத்தினால்தான் புத்தி வரும்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவதில்லை.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் பழகிப்போன ஒரு பதில் இருக்கிறது. பி. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது, வீட்டுக்குப் பணம் தரவில்லை. பிள்ளைக்குச் சோறு போட்டது. ரேஷன் கடையில் கிடைப்பதும் காசு அல்ல, அரிசி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் மாதம் ரூ.1,000 குடும்பத் தலைவியின் கணக்குக்கே போகிறது. பணம் யார் கையில் போகிறது என்பது, எவ்வளவு போகிறது என்பதற்குச் சமமாக முக்கியம்.

இதில் ஒரு ஓட்டை இல்லாமல் இல்லை. நீங்கள் ஃபீஸ் கட்டினால் அண்ணனுக்கு ஃபீஸ் காசு மிச்சம். அது டாஸ்மாக்குக்குப் போகலாம். உண்மைதான். ஆனால் பிள்ளை பள்ளியில் இருக்கும். இந்த உதவியின் நோக்கம் அண்ணனைத் திருத்துவது அல்ல, பிள்ளையைக் காப்பாற்றுவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கொடுத்தாலும் கோபம், கொடுக்காவிட்டாலும் குற்ற உணர்ச்சி.

எப்படிச் சொல்வது?

* மாதம் எவ்வளவு முடியும் என்று நீங்களே முடிவு செய்து, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அண்ணே, மாசம் ரெண்டாயிரம் அண்ணி கணக்குல போட்டுடுறேன். பசங்க ஃபீஸ் ஸ்கூல்ல நேரா கட்டிடுறேன். அதுக்கு மேல என்னால முடியாது." ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்காது.

* பழைய கடனை அடைக்கப் பணம் கேட்டால், முழுக் கணக்கையும் கேளுங்கள். யாரிடம், எவ்வளவு, எதற்கு? சொல்ல மறுத்தால் அதுவே உங்களுக்கான பதில்.

* திரும்பி வரும் என்று நம்பினால் மட்டும் 'கடன்' என்று சொல்லிக் கொடுங்கள். வங்கி வழியாக அனுப்பி, புரோநோட்டு எழுதி வாங்குங்கள். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. வராது என்று தெரிந்தால், கொடுத்ததாக நினைத்துக் கொடுங்கள். இல்லை, கொடுக்காதீர்கள்.

* ஜாமீன், உங்கள் பெயரில் லோன், கிரெடிட் கார்டு, ஓடிபி, நகை ஆகியவற்றுக்கு ஒரே பதில்: கிடையாது.

பணத்தால் தீராத பகுதி

குடியும் சூதாட்டமும் ஒரு கட்டத்துக்கு மேல் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. அந்த இடத்தில் அறிவுரையும் வேலை செய்யாது, ஐயாயிரமும் வேலை செய்யாது. மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது; மனநலப் பிரிவில் காட்டலாம். 'டெலி மனாஸ்' 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். அவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் பேசலாம். கடன் மிரட்டலுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100.

"கடனுக்குக் காசு தர மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதா இருந்தா லீவு போட்டுட்டு நானே கூட வர்றேன்" என்று சொல்பவர் உறவை முறித்தவர் ஆக மாட்டார். பணத்தை நிறுத்துவது வேறு, ஆளைக் கைவிடுவது வேறு. ஊர் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசும். வித்தியாசம், ஃபீஸ் கட்டிய ரசீதைக் கையில் வைத்திருக்கும் அண்ணிக்குத் தெரியும்.