எஜமானும் அடிமையும் ஒரே பந்தியில்: ரோமானியர்களின் ‘சாட்டர்னாலியா’ திருவிழா பற்றித் தெரியுமா?

டிசம்பர் 17 வந்துவிட்டால் பண்டைய ரோம் நகரில் நீதிமன்றம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. தெருவெங்கும் ‘இயோ சாட்டர்னாலியா!’ என்ற கூச்சல்தான். வருடம் முழுக்க ஏவல் வேலை செய்த அடிமைகள் அன்று எஜமானோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சில வீடுகளில் எஜமானே பரிமாறியதும் உண்டு.

யார் இந்த சாட்டர்ன்?

சாட்டர்ன், விதைப்பின் கடவுள். சனிக் கோளுக்கு ஆங்கிலத்தில் வழங்குவதும் இவர் பெயர்தான். இவர் ஆண்ட பொற்காலத்தில் நிலம் தானாக விளைந்தது, அடிமை என்று ஒருவரும் இல்லை என்பது ரோமானியர்களின் நம்பிக்கை. அந்தக் காலத்தைச் சில நாள் திரும்ப வாழ்ந்து பார்ப்பதுதான் விழா. கோயிலில் அவர் சிலையின் கால்கள் கம்பளிக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். விழா நாளில் மட்டும் கட்டை அவிழ்ப்பார்கள்.

எப்போது தொடங்கியது?

கி.மு. 497-ல் கோயில் எழுந்தபோதே விழாவும் தொடங்கியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஹன்னிபாலின் படை இத்தாலிக்குள் புகுந்திருந்த நெருக்கடியில், கி.மு. 217-ல் ஊர்ப் பொதுவிருந்தும் சேர்ந்தது. பேரரசர் அகஸ்டஸ் நீதிமன்ற விடுமுறையை 3 நாளாக வைத்தார். மக்களோ 7 நாள் கொண்டாடித் தீர்த்தார்கள்!

என்னவெல்லாம் செய்வார்கள்?

மற்ற நாளில் தடைசெய்யப்பட்ட சூதாட்டத்துக்கு அப்போது அனுமதி. மெழுகுவத்தி, சின்னச் சின்ன மண்பொம்மைகள் என்று பரிசு கொடுத்துக்கொள்வார்கள். ‘டோகா’வைக் கழற்றிவைத்துவிட்டு, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் ‘பில்லியஸ்’ தொப்பியை எஜமானர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

அப்படியானால் கிறிஸ்துமஸ் இதிலிருந்து வந்ததா?

அடித்துச் சொல்ல முடியாது. இது 17-ல் தொடங்கி 23-ல் முடிந்துவிடும். ரோமில் டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் நாளாகப் பதிவானது 4-ம் நூற்றாண்டில்தான். பரிசு, விருந்து, விளக்கு ஆகியவை ஒத்துப்போகின்றன, அவ்வளவே.

விழா முடிந்த பிறகு?

கவிஞர் ஹொரேஸ் ஒரு படைப்பில் இதைக் காட்டியிருக்கிறார். டிசம்பர் சுதந்திரத்தை நம்பி, டாவஸ் என்ற அடிமை எஜமானின் குறைகளை முகத்துக்கு நேரே அடுக்குகிறான். கடைசியில் எஜமானுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ‘இங்கிருந்து உடனே ஓடாவிட்டால் பண்ணை வேலைக்குத்தான் போவாய்’ என்று மிரட்டுகிறார். திருவிழா தந்த சுதந்திரத்தின் எல்லை அதுதான். கயிறு அவிழ்ந்தது கடவுளுக்கும் சில நாள்தான், அடிமைக்கும் சில நாள்தான்.