தொடாமல் வெட்டும் மேசை

இரும்புக் கேட்டின் நடுவே மயிலோ வேலோ வேண்டும் என்றால், வெல்டர் சாக்பீஸால் தகட்டில் வரைந்துகொண்டு, கேஸ் கட்டிங்கில் வெட்டி, ஓரங்களைக் கிரைண்டரில் தேய்த்துத் தருவார். மயிலின் கழுத்து சற்றுத் தடித்துப் போனாலும் யாரும் கேட்பதில்லை. அதே படத்தைக் கணினியில் வரைந்து கொடுத்தால், கோடு பிசகாமல் சில நிமிடங்களில் வெட்டித் தரும் இயந்திரம் சிஎன்சி பிளாஸ்மா மேசை. பெயர் மிரட்டினாலும், ஆங்கிள், டியூப் வெல்டிங் தெரிந்து, கொஞ்சம் மின்னணுவியலில் கைவைக்கத் துணிந்த ஒருவர் தானே கட்டிக்கொள்ளக்கூடியதுதான். அமெரிக்காவில் வீட்டு கராஜ்களில் இப்படிக் கட்டி ஓட்டுபவர்கள் நிறைய உண்டு.

லேத்தையோ மில்லிங் இயந்திரத்தையோ வீட்டில் கட்டுவது கடினம். இது மட்டும் எப்படிச் சாத்தியம்? மில்லிங்கில் வெட்டும் கருவி உலோகத்தை அழுத்திச் செதுக்குகிறது. அந்த விசையைத் தாங்க வார்ப்பிரும்பு உடல் வேண்டும். பிளாஸ்மாவிலோ கருவி தகட்டைத் தொடுவதே இல்லை. மேசையின் வேலை, பிளாஸ்மா நெருப்பை உமிழும், ஒரு கிலோவுக்கும் குறைவான டார்ச்சைச் சரியான பாதையில், சரியான வேகத்தில், சரியான உயரத்தில் கொண்டுபோவது மட்டுமே. முதல் இரண்டும் எளிது. மூன்றாவதுதான் ஆளைப் படுத்தும்.

முதலில் அந்த நெருப்பைப் பற்றி. காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. மிக அதிகமாகச் சூடேறினால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று, அது கடத்தத் தொடங்கும். அந்த நிலைதான் பிளாஸ்மா. வெல்டிங்கின் மின்பொறியிலும் இது உண்டு. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ், டிக் வெல்டிங் பொறியைச் சிறு துளை வழியே நெருக்கி அனுப்பினால் அது இன்னும் சூடாகவும் வேகமாகவும் பாயும் என்று கண்டு, 1957-இல் காப்புரிமை பெற்றார். கேஸ் கட்டிங்கில் ஆக்சிஜன் இரும்பை எரித்தே வெட்டுகிறது; அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அலுமினியத்திலும் அந்த வித்தை பலிப்பதில்லை. பிளாஸ்மா எதையும் எரிக்க வேண்டியதில்லை. உருக்கி ஊதித் தள்ளுகிறது, அவ்வளவுதான். மின்சாரம் கடத்தும் உலோகம் எதுவானாலும் சரி.

இன்றைய சிறு பிளாஸ்மா இயந்திரங்களுக்குத் தனி வாயு சிலிண்டர் தேவையில்லை, கம்ப்ரசர் காற்றே போதும். டார்ச்சுக்குள் செம்பு எலக்ட்ரோடு ஒன்று, அதன் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு பொட்டு. அதைச் சுற்றிச் சுழன்று வரும் காற்று, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நாசில் துளை வழியே பொறியோடு சேர்ந்து பீறிடுகிறது. அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். 45 ஆம்பியர் இயந்திரம் ஒன்று 6 மி.மீ. இரும்புத் தகட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் வெட்டும். அதற்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 லிட்டர் வரை காற்றை இடைவிடாமல் தரும் கம்ப்ரசர் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் பாதிக் கோட்டிலேயே மூச்சு வாங்கும். காற்றில் ஈரமிருந்தால் எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் போய்விடும். நம் மழைக்கால ஈரத்தில் நல்ல வடிகட்டியும் உலர்த்தியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அடுத்து ஓட்டம். எண்களைக் கொண்டு இயந்திரத்தை நடத்தும், சிஎன்சிக்கு மூலமான எண்ணம் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸிடமிருந்து வந்தது. எம்ஐடி ஆய்வகம் 1952-இல் அதை ஒரு மில்லிங் இயந்திரத்தில் செய்து காட்டியது. அன்று ஓர் அறையின் பெரும்பகுதியை அடைத்த மின்னணுவியலின் வேலையை இன்று உள்ளங்கை அளவுள்ள ஆர்டுயினோ பலகை செய்கிறது. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் அதற்கென எழுதிய ஜிஆர்பிஎல் மென்பொருள் இலவசம். பிளாஸ்மாவுக்கென்றே வசதிகள் கொண்ட லினக்ஸ்சிஎன்சியும் இலவசம்தான். முடிவெடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். காரணம் உயரப் பிரச்சினை, அதற்கு வருகிறேன்.

மேசை என்பது ஸ்டீல் டியூப்பில் வெல்டிங் செய்த சட்டம். இருபுறமும் தண்டவாளம், அதன்மேல் குறுக்கே ஓடும் பாலம், பாலத்தின்மேல் டார்ச். 8 அடிக்கு 4 அடித் தகட்டை முழுதாகப் போட இடமில்லாதவர்கள் 4 அடிக்கு 4 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். பாலத்தின் இரு முனைகளிலும் தனித்தனி மோட்டார் இருப்பது நல்லது. ஒரே மோட்டார் என்றால் பாலம் ஒருபக்கம் முந்தி ஒருபக்கம் பிந்தி, சதுரம் சாய்சதுரமாக வரும். பெரிய சதுரம் ஒன்றை வெட்டி, மூலைக்கு மூலை இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் மேசையின் நேர்மை தெரிந்துவிடும்.

துல்லியத்துக்கு எவ்வளவு செலவழிப்பது? கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவர் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால் 2,000. மாட்யூல் 1, 20 பல் கொண்ட பினியன் என்ற பற்சக்கரம் ஒரு சுற்றில் ரேக் என்ற பற்பட்டையின்மேல் 62.8 மி.மீ. நகரும். இடையில் மூன்றுக்கு ஒன்று என்று பெல்ட் போட்டுக் குறைத்தால், மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 21 மி.மீ. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 95 படிகள். பிளாஸ்மா வெட்டின் அகலமே ஒன்றரை மில்லிமீட்டர் என்னும்போது இது தாராளம். விலையுயர்ந்த பால் ஸ்க்ரூவெல்லாம் இங்கே வீண். அவற்றின் வேகமும் போதாது. பாலம் லேசாக இருந்து, திருப்பங்களில் சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும். வேகம் குறைந்தால் வெட்டு அகலும், தகட்டின் அடியில் கசடு கட்டியாகத் தொங்கும். தட்டினால் விழுந்துவிடும் அந்தக் கசடாவது பரவாயில்லை. வேகம் மிஞ்சும்போது ஒட்டும் மெல்லிய கசடு கிரைண்டர் பிடித்தால்தான் போகும்.

இனி உயரம். வெட்டும்போது டார்ச் தகட்டிலிருந்து 1.5 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். துளையிடத் தொடங்கும்போது கிட்டத்தட்ட 4 மி.மீ.; இல்லையென்றால் தெறிக்கும் இரும்புக் குழம்பு நாசிலை அடைத்துவிடும். தகடோ சூட்டில் வளையும், மேடு தட்டும். டார்ச் மிகவும் தாழ்ந்தால் நாசில் உரசும், அரை மில்லிமீட்டர் ஏறினால் வெட்டின் ஓரம் சாயும். அந்தத் தீப்பொறி மழையில் எந்த அளவுகோலை வைத்து அளப்பது?

அளவுகோல் அந்தப் பொறியேதான். பொறியின் நீளம் கூடினால் அதன் மின்னழுத்தமும் கூடும், குறைந்தால் குறையும். 45 ஆம்பியரில் அது 120 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அந்த வோல்ட்டேஜை ஐம்பதில் ஒன்றாகக் குறைத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுத்தால், அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து டார்ச்சை இறக்கி ஏற்றும். இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: தனியாக உணரி ஏதும் இல்லை, வெட்டுகிற நெருப்பே தன் நீளத்தைச் சொல்கிறது.

ஆனால் அது சில இடங்களில் பொய்யும் சொல்லும். திருப்பத்தில் டார்ச் வேகம் குறையும்போது முன்னால் உள்ள உலோகம் அதிகமாக உருகிவிடுகிறது. பொறி நீள்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. கட்டுப்பாடு அதை உயரம் என்று எண்ணி டார்ச்சைத் தகட்டில் கொண்டுபோய் முட்டுகிறது. ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும் இதே கதை. அதனால் வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் உயரக் கட்டுப்பாடு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். சிறு துளைகளில் அதை அணைத்தே வைப்பார்கள். எலக்ட்ரோடு தேயத் தேய அதே உயரத்துக்கு வோல்ட்டேஜ் சற்று ஏறும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். லினக்ஸ்சிஎன்சியின் பிளாஸ்மா பகுதி இந்த வில்லங்கங்களை அறிந்தே எழுதப்பட்டது. நான் அதன் பக்கம் சாய்ந்ததன் காரணம் இதுதான்.

ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் தகடு எங்கே இருக்கிறது என்று தெரிய எளிய ஏற்பாடு ஒன்று போதும். டார்ச் பிடிப்பு மேலும் கீழும் தளர்வாக நகரும்படி இருக்கட்டும். நுனி தகட்டில் பட்டதும் பிடிப்பு மேலேறி ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்தும். அந்த இடம் பூச்சியம். அங்கிருந்து துளையிடும் உயரத்துக்கு எழும்பலாம்.

வீட்டில் கட்டுபவர்களை அழவைக்கும் இன்னொன்று மின் இரைச்சல். சில இயந்திரங்கள் பொறியைப் பற்றவைக்க உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தைப் பாய்ச்சும். அந்தக் கணத்தில் கணினி உறைந்துபோகும், மோட்டார் படி தவறும், லிமிட் சுவிட்ச் தொடாமலே தொட்டதாகச் சொல்லும். நாசிலும் எலக்ட்ரோடும் தொட்டிருந்து, காற்றழுத்தத்தால் பிரிந்து பொறி உண்டாக்கும் வகையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. டார்ச் கேபிளை மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எர்த் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகட்டும்.

படத்தில் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். வெட்டின் அகலத்தில் பாதி அளவு, மென்பொருள் பாதையைக் கோட்டிலிருந்து வீணாகும் பக்கத்துக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். துளையிடும் புள்ளியும் வீணாகும் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று சுழன்று வருவதால், வழக்கமான டார்ச்சில் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம்தான் நேராக வரும். எனவே வெளிக்கோடு கடிகாரச் சுற்றில், உள்துளை எதிர்ச்சுற்றில்.

தகட்டைத் தாங்குபவை நெட்டுக்குத்தாக நிற்கும் பட்டைகள். அவையும் தகட்டோடு சேர்ந்து வெட்டுப்படும், அவ்வப்போது மாற்ற வேண்டியதுதான். அவற்றின் அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் புகையிலும் கசடிலும் பெரும்பகுதி அதில் அடங்கும். அந்தத் தொட்டியின் மேல் அலுமினியம் வெட்டுவதில் ஆபத்து உண்டு: சூடான அலுமினியத் துகள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாக்கும், அது தகட்டின் அடியில் தேங்கினால் வெடிக்கும். ஜிஐ தகட்டின் துத்தநாகப் புகை காய்ச்சல் தரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் புகையில் உள்ள குரோமியம் சேர்மம் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. காற்றோட்டம், முகமூடி, பொறிக்கேற்ற கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். டார்ச்சில் பொறி பற்றாத நிலையில் 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் நிற்கும் என்பதால், வோல்ட்டேஜ் பிரிக்கும் வசதி இல்லாத இயந்திரத்தைத் திறந்து ஒயர் எடுக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மெல்லிய தகட்டில் நுணுக்கமான ஜாலி வேலைதான் வேண்டும் என்றால் இதைக் கட்டாதீர்கள். ஃபைபர் லேசர் கடையில் கொடுங்கள், அதன் நேர்த்திக்கு பிளாஸ்மா ஈடாகாது. 3 முதல் 12 மி.மீ. வரையான தகட்டில் பிராக்கெட், ஃபிளாஞ்ச், கலப்பைப் பாகம் என்று அடிக்கடி ஒன்றிரண்டு வெட்ட வேண்டியவருக்கு இது பலன் தரும். கட்டுவதென்று முடிவெடுத்தால் சட்டத்தில் தொடங்க வேண்டாம். உயர் அதிர்வெண் இல்லாத, சிஎன்சி இணைப்பு உள்ள பிளாஸ்மா இயந்திரத்தை முதலில் வாங்குங்கள். அடுத்து கம்ப்ரசரும் உலர்த்தியும், அதற்கடுத்து உயரக் கட்டுப்பாடு. இரும்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.