அளவு நோட்டில் 93 வரி

2019 மார்ச் மாதத்துக்கு அம்மாவின் பாஸ்புக்கில் ஏறிய பென்ஷன் 13,010 ரூபாய். ஏப்ரலுக்கு ஏறியது 6,720. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். கீழ வீதியில் இருக்கும் என் தையல் கடைக்கு வெயிலோடு நடந்து வந்து, பாஸ்புக்கை மிஷின் மேல் வைத்து, "பாப்பா, பாதிதான் வந்திருக்கு, பாரு" என்றார்.

பத்து நாள் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. 2011 ஜூலை முதல் 2019 மார்ச் வரை உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் கூடுதலாக வழங்கப்பட்டுவிட்டது, அந்தத் தொகை 3,75,000 ரூபாய்க்கு மேல், இனி மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காதில் கை வைத்து, "தோட்டை வித்துக் கட்டிடலாம். கவர்மென்டு காசைத் தின்னுட்டோம்னு பேர் வேணாம்" என்றார்.

பணத்தைவிட அந்தப் பெயர்தான் அவரை அரித்தது. இப்படிக் கடிதம் வரும் வீடுகளில் எல்லாம் முதலில் நுழைவது வெட்கம்தான். கணக்கு சரியா என்று கேட்கவே நாக்கு எழாது. எங்கள் வீட்டில் நடந்ததை நான் எழுதுவதும் அதனால்தான். கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும்.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் வல்லம்படுகைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே தண்டவாளத்தின் மேல் நடந்தே தேய்ந்தவர். 2004 ஜூனில் 60 வயதில் ஓய்வு பெற்றார். 2007 மார்ச்சில் இறந்துபோனார். அதன்பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம்.

இந்தக் குடும்ப ஓய்வூதியத்துக்கு இரண்டு விகிதம் உண்டு என்பது எங்களுக்கு 2019 வரை தெரியாது. மத்திய அரசு விதிப்படி, ஓய்வு பெற்ற ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு முதலில் உயர்ந்த விகிதம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி வரை. இறந்த நாளிலிருந்து 7 வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள், எது முந்தியதோ அதுவரை. பிறகு சாதாரண விகிதம், 30 சதவீதம். அப்பாவுக்கு 67 நிறைந்திருக்கக்கூடியது 2011 ஜூன். அம்மாவின் பென்ஷன் அந்த ஜூலையிலேயே குறைந்திருக்க வேண்டும். அந்தத் தேதி பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய உத்தரவுப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. வங்கியின் கம்ப்யூட்டரில் யாரும் அதை ஏற்றவில்லை. வருஷம் தவறாமல் நவம்பரில் அம்மா அதே வங்கிக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று லைஃப் சர்டிபிகேட்டில் கைநாட்டு வைத்தார். எட்டு நவம்பர். ஒரு நவம்பரிலாவது எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருக்காது.

ஆக, கூடுதலாக வந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. எவ்வளவு கூடுதல், யாருடைய தவறு, யார் தாங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகள் அதற்கு அப்புறமும் இருந்தன. கடிதம் மூன்றையும் தாண்டிப் பிடித்தத்துக்குப் போய்விட்டது.

மாதவாரிக் கணக்கைக் கேட்டேன். கவுன்டரில் "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்றார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். மூன்றாவது முறை போனபோது நான்கு தாள் வந்தது. அதைக் கடையின் அளவு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். மாதம், கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியது, வித்தியாசம். 2011 ஜூலையிலிருந்து 2019 மார்ச் வரை 93 மாதம், 93 வரி. முன்பக்கம் ஜாக்கெட் அளவு, பின்பக்கம் அம்மாவின் பென்ஷன்.

எழுதி முடித்தும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அய்யா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். நோட்டை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டி இரண்டாம் வரியிலேயே விரலை வைத்தார்.

"இந்த 2,712 எங்கேர்ந்து வந்துதும்மா?"

"முப்பது சதவீதம்னு போட்டிருக்காங்க அய்யா."

"போட்டாங்க, சரி. அடிமட்டத்தைப் பாக்கலியே. ஆறாவது சம்பளக் குழுவுக்கு அப்புறம் 3,500-க்குக் கீழ குடும்பப் பென்ஷனே கிடையாது. 2016-லேர்ந்து 9,000-க்குக் கீழ கிடையாது."

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. ஆறாவது சம்பளக் குழுவுக்குப் பிறகு உயர்ந்த விகிதத்தில் அம்மாவுக்கு வந்தது 4,520, அதன்மேல் அகவிலைப்படி. சாதாரண விகிதத்தில் கணக்குப் போட்டால் 2,712. ஆனால் குறைந்தபட்சம் 3,500 என்பதால் கொடுத்திருக்க வேண்டியது 3,500. அப்படியென்றால் மாத வித்தியாசம் 1,808 அல்ல, 1,020. ஏழாவது சம்பளக் குழுவுக்குப் பிறகும் இதே கதை. 11,616-க்கு எதிரே வங்கி வைத்தது 6,970. வைத்திருக்க வேண்டியது 9,000. ராத்திரி இரண்டு மணி வரை அகவிலைப்படியோடு 93 வரியையும் மறுபடி போட்டேன். 3,75,000 என்றது 2,11,000-த்துச் சொச்சமாக இறங்கியது. தோட்டை விற்று முதல் கடிதத்துக்குப் பணிந்திருந்தால், வாங்கவே வாங்காத ஒன்றரை லட்சத்துக்கு மேல் அம்மா கட்டியிருப்பார்.

மிச்சமிருந்த 2,11,000-த்தை யார் தாங்குவது? இங்கேதான் ஒரு சுண்ணாம்பு அடிக்கும் தொழிலாளியின் பெயர் வருகிறது. பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் என்ற வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் செய்த வேலை வழக்கின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. ஊழியர் ஏமாற்றியோ பொய் சொல்லியோ வாங்காமல், நிர்வாகத்தின் தவறால் கூடுதலாகப் போன பணத்தை எப்போதெல்லாம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். குரூப் சி, குரூப் டி ஊழியர்களிடமிருந்து கூடாது. ஓய்வு பெற்றவரிடமிருந்தும், ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமிருந்தும் கூடாது. பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவுக்கு முன்னால் ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதல் பணம் போய்க்கொண்டிருந்தால் கூடாது. தவறாக மேல்பதவி வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால் கூடாது. பிடிப்பது கொடுமையாகவும் அநியாயமாகவும் முடியும் என்று நீதிமன்றம் கருதினாலும் கூடாது.

எங்கள் சங்கதிக்கு இதில் எத்தனை பொருந்துகிறது என்று அய்யாவும் நானும் எண்ணினோம். அப்பா கடைநிலை ஊழியர். வருஷம் ஐந்தைத் தாண்டி ஏழே முக்கால். அம்மா ஒரு தாளில்கூடப் பொய் சொன்னதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு தாள் இருந்தது. பென்ஷன் கணக்கு தொடங்கும்போது, தவறாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழிக் கடிதத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அம்மாவின் கைநாட்டும் அதில் இருந்தது. 2016-ல் ஜக்தேவ் சிங் என்ற வழக்கில், இப்படி உறுதிமொழி கொடுத்த ஓய்வு பெற்ற நீதித்துறை அதிகாரி ஒருவர் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ரஃபீக் மசீஹ் பெயரைச் சொன்னதும் கதவு தானாகத் திறந்துவிடாது. வாதாட வேண்டும். படித்த நீதித்துறை அதிகாரி விஷயம் புரிந்து போட்ட கையெழுத்தும், அச்சடித்த ஆங்கிலத் தாளில் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து வைத்த ரேகையும் ஒரே தராசில் நிற்குமா என்பதுதான் எங்கள் வாதம்.

வாதாடக் காசு? பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. இதை நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போனேன். மஞ்சக்குப்பத்தில் இறங்கி, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தோம். பி.பி.ஓ. நகல், பாஸ்புக் நகல், வங்கியின் நான்கு தாள், என் 93 வரியின் நகல். அங்கே எங்களுக்கு நியமித்த வழக்கறிஞரம்மா சின்னப் பெண். அம்மாவிடம் முதலில் கேட்டது, "பாட்டி, மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

வங்கிக்கு நோட்டீஸ் போனது. மாதாமாதம் 3,360 பிடிப்பது அக்டோபரோடு நின்றது. ஏழு மாதத்தில் பிடித்த 23,520 ரூபாயும் அடுத்த ஆண்டு கணக்குக்குத் திரும்பி வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. பாஸ்புக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். நோட்டீஸுக்கு இறங்கி வராத வங்கியும் உண்டு. அப்போது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிக்கு முதலில் எழுதி, 30 நாள் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ அங்கே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 85 வயது ஓய்வூதியர் ஒருவரிடம் வங்கி பிடித்துக்கொண்டிருந்ததைத் தப்பு என்று சொல்லி நிறுத்தியது. 1999-ல் ஓய்வு பெற்ற கேரளத் தலைமை ஆசிரியர் தாமஸ் டேனியலுக்கு உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது 2022 மே மாதம். இருபத்து மூன்று வருஷம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

அதே 2020 ஆகஸ்டில் எங்கள் கடலூர் மாவட்டம் முழுக்க இன்னொரு பேச்சு. பிரதமரின் கிசான் திட்டம் என்று ஒன்று. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம் என்று கணக்கு. கொரோனா ஊரடங்கில், அதிகாரிகளின் கடவுச்சொல் கைமாறி, நிலமே இல்லாத ஆயிரக்கணக்கானோர் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பரவி, 13 மாவட்டங்களில் ஐந்தரை லட்சம் பேர் அளவுக்குத் தகுதியில்லாதவர்கள், 110 கோடி ரூபாய் என்று செப்டம்பரில் வேளாண் துறைச் செயலராக இருந்த ககன்தீப் சிங் பேடி சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

அம்மாவின் கதை தெரிந்து, கையில் பாஸ்புக்கோடு என் கடைக்குப் பெண்கள் வந்தார்கள். களையெடுக்கப் போகும் ஒரு அக்கா. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒருவன் வாங்கிப் போயிருக்கிறான், வந்த பணத்தில் தன் பங்கையும் எடுத்திருக்கிறான். அவருக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. "அக்கா, இது உங்க பணம் இல்ல, கட்டிடுங்க. ரசீது வாங்குங்க. யார் பதிஞ்சான்னு எழுதிக் கொடுங்க, அப்பதான் நீங்க சாட்சி. இல்லாட்டி உங்களையே குற்றவாளின்னுருவாங்க" என்றேன். ரஃபீக் மசீஹ் இங்கே உதவமாட்டார் என்று நானே சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இன்னொருவர் நிஜமாகவே நெல் போடுகிறவர். பட்டா மட்டும் இறந்துபோன மாமனார் பெயரில். அவரையும் தகுதியில்லாதவர் பட்டியலில் தள்ளியிருந்தார்கள். 2019 பிப்ரவரி 1-ல் நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் திட்டத்தின் அளவுகோல். இறப்பால் வரும் வாரிசுரிமைக்கு விலக்கு உண்டு. வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதல் மனுவும் எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் அவர் அலைந்தார். பட்டியலில் பெயர் வந்ததும் முதல் அக்காவுக்கும் இவருக்கும் ஊர் ஒரே பட்டத்தைக் கட்டிவிட்டது. இவருக்கு அது தாங்கவில்லை.

தப்பு செய்யாதவர்மேல் இப்படிப் பட்டம் கட்டுவது நெதர்லாந்திலும் நடந்திருக்கிறது. குழந்தைப் பராமரிப்புக்காக அரசு கொடுத்த உதவித்தொகையை, படிவத்தில் சின்னப் பிழை இருந்ததற்கெல்லாம் மோசடி என்று முத்திரை குத்தி, மொத்தமாகத் திருப்பிக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. தவறு அரசின் மேல் என்று வெளியானபோது, 2021 ஜனவரியில் அந்த மந்திரிசபையே ராஜினாமா செய்தது.

மறுபடி பென்ஷனுக்கே வருகிறேன். மாநில அரசு ஊழியர் குடும்பங்களுக்கு அது வருவது கருவூலத்திலிருந்து. அங்கேயிருந்து கடிதம் வந்தாலும் கேட்க வேண்டியவை இவையேதான். எந்த உத்தரவின்படி? மாதவாரிக் கணக்கு எங்கே? குறைந்தபட்சத்தைப் பார்த்தீர்களா? தராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பி.பி.ஓ. புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். உயர்ந்த விகிதம் முடியும் தேதி எது என்று இன்றைக்கே பாருங்கள். அந்தத் தேதி தாண்டியும் பணம் குறையாமல் வந்தால் நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு யாராவது அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். நான் படித்துக் காட்டியிருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. மாதக் கடைசியில் பாஸ்புக்கை மிஷின் மேல் வைக்கிறார். நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார்: "இது நம்மளுதுதானே பாப்பா? செலவு பண்ணலாமில்ல?"