கால் நகத்தில் பூஞ்சை: எண்ணெய் மட்டும் போதுமா?

மும்பையின் மழைக்காலத்தில் ஈரமான பூட்சுக்குள் நாள் முழுவதும் கால்களை அடைத்து வைத்து உழைப்போர் அநேகர். நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிந்து உதிர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதற்கு டீ ட்ரீ எண்ணெயே போதும் என்று பலர் கூறுவர்.

ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலைகளிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய் இது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், 117 பேர் இரு பிரிவாகி, ஒரு பிரிவினர் இந்த எண்ணெயையும் மற்றவர் க்ளோட்ரிமசோல் மருந்தையும் ஆறு மாதம் தினமும் இருவேளை பூசினர். இரு பிரிவிலும் ஏறக்குறைய 60 சதவீதத்தினரின் நகத்தோற்றம் ஓரளவேனும் தேறியது. ஆனால் பரிசோதனையில் பூஞ்சை அற்றுப்போனது, எண்ணெய் பூசியோரில் 18 சதவீதத்தினருக்கும் மருந்து பூசியோரில் 11 சதவீதத்தினருக்கும் மட்டுமே.

காரணம் எளிது. பூஞ்சை நகத்தின் அடியில் குடியிருக்கிறது. மேலே பூசுவது அங்கே எளிதில் இறங்குவதில்லை. பெருவிரல் நகம் முழுவதும் புதிதாய் வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

சொரியாசிஸ் நோயிலும் அடிபட்ட நகத்திலும் இதே தோற்றம் உண்டு. ஆகவே முதலில் நகத்துணுக்கைப் பரிசோதிப்பது நலம். தொற்று உறுதியானால் மருத்துவர் டெர்பினாஃபின் மாத்திரையை வழக்கமாக 12 வாரங்களுக்குத் தருவார். கல்லீரல் பரிசோதனையும் செய்யச் சொல்வார்.

எண்ணெயை ஒருபோதும் உட்கொள்ளலாகாது, அது நஞ்சு. தோல் சிவந்து அரித்தால் பூசுவதை நிறுத்துங்கள். சர்க்கரை நோயுள்ளோர் எண்ணெயை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அவர்களுக்குச் சிறு புண்ணும் காலையே இழக்கச் செய்யக்கூடும்.

வேலை முடிந்து திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள். குடும்பத்தைத் தாங்கும் கால்களைப் பேணுவதும் குடும்பத்தைப் பேணுவதே.