பெயரில் உதிர்ந்த கந்தகம்

பரமத்தி வேலூர் வட்டாரத்தில் கரும்புச்சாறு கொப்பரையில் கொதிக்கும்போது, வெல்லம் வெளுப்பாக வர வேண்டும் என்பதற்காகச் சில ஆலைகளில் போடப்படும் வெள்ளைத் தூளுக்கு ‘ஹைட்ரோஸ்’ என்று பெயர். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்பதன் சுருக்கம் அது. அந்த முழுப்பெயரே ஒரு தவறான கணிப்பில் பிறந்தது. 1869இல் பிரெஞ்சு வேதியியலர் ஷுட்சென்பெர்கே, இந்த உப்பில் ஹைட்ரஜன் இருப்பதாகக் கருதி அப்படிப் பெயர் வைத்தார். 1880களில் ஜெர்மானியரான பெர்ன்ட்சென் ஆராய்ந்தபோது ஹைட்ரஜனே இல்லை என்று தெரிந்தது. இரண்டு சோடியம், இரண்டு கந்தகம், நான்கு ஆக்சிஜன், அவ்வளவுதான். அதனால் இன்றைய வேதியியல் இதை டைதயோனைட் என்கிறது. கந்தகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். வணிகமோ பழைய பெயரை விடவில்லை. சுருக்கியபோதும் பொய்யான ஹைட்ரோவை வைத்துக்கொண்டு, கந்தகத்தைச் சொல்லும் சல்ஃபைட்டை உதிர்த்துவிட்டது. வெல்லம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அந்த உதிர்ந்த பாதிதான்.

பெயரைத் திருத்தினால் கொப்பரை திருந்திவிடுமா என்று கேட்கலாம். வெளுத்த வெல்லத்துக்கே ஏலத்தில் நல்ல விலை என்றால் ஆலைக்காரர் வேறென்ன செய்வார்? இந்த வாதத்தில் பெரும் நியாயம் இருக்கிறது. குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்துவது சரியல்ல. ஆனால் அந்த விலையை உண்டாக்குவது வாங்குபவரின் அறியாமை. நீலச்சாயத் தொட்டிக்கென்று ஷுட்சென்பெர்கே காலத்திலேயே பயன்பாட்டுக்கு வந்த உப்பு இது. காவிரிக்கு அக்கரையில் கரூர்ச் சாயப்பட்டறைகளிலும் இதற்கு அதே வேலைதான். நிறப்பொருளுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து நிறத்தை மறைக்குமே தவிர, சாற்றின் அழுக்கை அகற்றாது. காற்றுப் பட்டு நாளானால் வெளுத்த வெல்லம் மீண்டும் கறுப்பதும் அதனால்தான். இதற்கு மாற்றாகச் சாற்றில் சேர்க்கக்கூடிய வெண்டைச் செடியின் பசை அப்படியல்ல. அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவரும், நுரையோடு வழித்தெடுத்துவிடலாம்.

கொதியிலேயே உப்பு சிதைந்துவிடுகிறதே என்பது இன்னொரு மறுப்பு. சிதைவது உண்மை, ஆனால் கந்தகம் முழுவதும் ஆவியாகிப் போவதில்லை. சல்ஃபைட்டாக மிஞ்சுவது ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் வெல்லத்தில் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியதும், அது தங்கும் என்பதால்தான். ஆகவே இந்த வட்டாரத்து வெல்லம் விற்கப்படும் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் ‘கந்தக உப்பு சேர்த்தது’, ‘சேர்க்காதது’ என்று தமிழில் எழுதப்பட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக விலை கூறப்பட வேண்டும்.