லண்டன் – பாரிஸ்: போக 2 மணி 20 நிமிடம், வர 20 நிமிடமா?

தூரம், நேரம், வேகம் மூன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க ஓர் எளிய வழி இதோ. கீழே உள்ள மாதிரி அட்டவணையை வெண்பலகையில் எழுதுங்கள். நேரங்கள் அந்தந்த ஊர் நேரம்.

லண்டன் புறப்பாடு காலை 10.00 – பாரிஸ் வருகை பிற்பகல் 12.20
பாரிஸ் புறப்பாடு பிற்பகல் 2.00 – லண்டன் வருகை பிற்பகல் 2.20

இரு நகரங்களுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 344 கி.மீ. வேகம் என்ன என்று கேளுங்கள். போகும்போது மணிக்கு 147 கி.மீ., வரும்போது 1,032 கி.மீ. என்று சில மாணவர்கள் சொல்வார்கள். கணக்கு சரிதான், விடை மட்டும் தப்பு! ஏன்?

1. கடிகார வேறுபாடு

பாரிஸ் நேரம் லண்டனைவிட 1 மணி நேரம் முன்னே ஓடுகிறது. இரு நாடுகளும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவதால், ஆண்டு முழுக்க இந்த வேறுபாடு அப்படியே இருக்கும். கிழக்கே போகும்போது 1 மணியைக் கழிக்க வேண்டும். மேற்கே வரும்போது கூட்ட வேண்டும். இரண்டு பயணமும் 1 மணி 20 நிமிடம்தான்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிது. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினாபாலு போனாலும் நாம் கடிகாரத்தைத் திருப்புவதில்லையே. 1982 முதல் மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம்தான்.

இன்னொரு செய்தி: இரு நகரங்களுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு இரண்டரை பாகைதான். 1 பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியக் கணக்குப்படி 10 நிமிடமே வர வேண்டும். ஆக, கடிகார நேரத்தை நாடுகள் முடிவு செய்கின்றன, சூரியன் மட்டுமல்ல.

2. சராசரி வேகம்

344 கி.மீ. தூரத்தை 80 நிமிடத்தில் கடந்தால், சராசரி வேகம் மணிக்கு 258 கி.மீ. ஜெட் விமானம் உயரத்தில் 800 கி.மீ.க்கு மேல் பறக்குமே, ஏன் இவ்வளவு குறைவு? அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, வளைந்து செல்லும் வான்பாதை எல்லாம் இதில் அடக்கம். குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான்.

3. ரயிலோடு ஒப்பிடுங்கள்

1994-இல் திறக்கப்பட்ட, சுமார் 50 கி.மீ. நீளக் கால்வாய்ச் சுரங்கம் வழியே யூரோஸ்டார் ரயில் ஓடுகிறது. இருப்புப்பாதைத் தூரம் சுமார் 492 கி.மீ.; பயண நேரம் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். சராசரி வேகம் சுமார் 210 கி.மீ. நகர மையத்திலிருந்து மையத்துக்கே போவதால், விமான நிலையம் போய்க் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ரயில் முந்திவிடுகிறது.

மாணவர்களுக்கு

அ) பாரிஸில் மாலை 6.10-க்குப் புறப்படும் விமானம் லண்டனை எப்போது அடையும்? (மாலை 6.30)
ஆ) லண்டனில் காலை 9.30-க்குக் கிளம்பும் ரயில் பாரிஸை எப்போது அடையும்? (பிற்பகல் 12.50)

முதலில் எல்லா நேரத்தையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும், பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். வகுப்பில் செய்து பாருங்களேன்!