பீக்கன் பை: பாகு கெட்டியாவது எப்படி?

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாள் விருந்தில், அமெரிக்காவின் தென்மாநிலத்தார் பலருக்குப் பீக்கன் பை இருந்தே ஆக வேண்டும். செய்வது எளிது. முட்டை, சர்க்கரை, வெண்ணெய், சோளப்பாகு கலந்து, பீக்கன் பருப்போடு மாவு ஓட்டில் ஊற்றி ஓவனில் வைத்தால் போதும். நீர்க்க இருந்த கலவை துண்டு போடும் பதத்துக்கு வருவது ஏன்?

எல்லாம் முட்டையின் வேலை. சூட்டில் அதன் புரதச் சுருள்கள் விரிந்து, ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. பாகு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. வெறும் முட்டை 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இறுகிவிடும். சர்க்கரையோ புரதம் விரிவதைத் தாமதப்படுத்தும். அதனால் பையின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அளவு மீறிச் சுட்டால் வலை சுருங்கி நீரைப் பிழிந்துவிடும், பாகு திரிதிரியாகும். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடுவதுதான் என் கணிப்பில் மிக முக்கியமான கட்டம்.

சோளப்பாகு எதற்கு? அதிலுள்ள குளுக்கோஸ், சர்க்கரை மீண்டும் படிகமாகி நறநறப்பதைத் தடுக்கிறது. பீக்கன் மேலே மிதப்பதற்கு அதன் எண்ணெய்தான் காரணம்: எடையில் சுமார் 70 சதவீதம்.

சூட்டோடு வெட்டாதீர்கள், பாகு வழிந்துவிடும். முதல் நாளே சுட்டு, முழுக்க ஆறவிடுங்கள்.